ஈர மரத்துக்கு ஒரு வாள்

1

நான் இருக்கும் ஊரில் தமிழில் பேச வேண்டுமென்றால் தொலைபேசியைத்தான் எடுக்க வேண்டும். கனடாவின் மேற்குப் பக்கம், மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். மரவீடுகளுக்குச் சட்டம் அடித்து நிறுத்தும் தச்சர்களோடு வேலை. அவர்கள் என்னை ‘கேமல்’ என்று கூப்பிடுகிறார்கள். கமலநாதன் என்ற பெயரை எங்கள் மேற்பார்வையாளர் முதல் நாள் படித்த லட்சணம் அது. ஒட்டகம் என்று அர்த்தம் வருவது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். இப்போது என் தலைக்கவசத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

மனைவி சுகந்தியும் மகள் அபியும் டொரண்டோவில் இருக்கிறார்கள். சுகந்தி யாழ்ப்பாணத்துக்காரி. அவள் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவாள். கல்யாணமான புதிதில் இதை வைத்து இரண்டு பேரும் நிறையச் சிரித்திருக்கிறோம். அங்கே வேலை குறைந்துபோன ஒரு குளிர்காலத்தில், மேற்கே தச்சு வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். ஒரு கோடைகாலம் செய்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் எண்ணம். ஒவ்வொரு கோடை முடியும்போதும் அடுத்த கோடைக்கு வரச் சொன்னார்கள். முதலில் சுகந்தி, “எப்ப வாறியள்?” என்று கேட்பாள். பிறகு, “கிறிஸ்மஸுக்கு வாறியளோ?” என்று கேட்க ஆரம்பித்தாள். இரண்டு கேள்விக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நான் கவனித்தேன். அவளும் கவனித்திருப்பாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்த நாட்டில் கிழக்குக்கும் மேற்குக்கும் வாளிலேயே வித்தியாசம் உண்டு என்பது இங்கே வேலைக்கு வந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் சொல்வது மின்சாரத்தில் ஓடும் வட்டவாளை. கிழக்கே எல்லோரும் வைத்திருப்பது இலேசான வாள்; மோட்டார் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், தகடு வலது பக்கம் சுழலும். மேற்கே வைத்திருப்பது நீளமானது, கனமானது. மோட்டார் பின்னால் படுத்திருக்கும். அதன் தண்டு திருகாணி போலச் சுருண்டு, எண்ணெய்க்குள் மூழ்கிய ஒரு பல்சக்கரத்தைத் திருப்பும். அதனால் வேகம் குறையும், இழுவை கூடும். அந்தத் திருகாணிக்கு ஆங்கிலத்தில் புழு என்று பெயர். வாளுக்கும் அதுவே பெயராகிவிட்டது: வோர்ம் டிரைவ். அதில் தகடு இடது பக்கம் இருக்கும். வலது கைக்காரன் பிடித்தால் பென்சில் கோடு அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

நான் இடக்கைக்காரன். எனக்கு அந்த இலேசான வாள்தான் தோது. கிழக்கத்தி வாள் என்று கேலி செய்தார்கள், பொம்மை வாள் என்றார்கள். நான் மாற்றவில்லை. ஆகவே, இத்தனை வருடம் கழித்து ஒரு வோர்ம் டிரைவ் வாள் வாங்கினேன் என்றால், அது எனக்காக இல்லை.

2

இலங்கை மலைநாட்டில் இறம்பொடைக்கு மேலே, பேருந்து போகும் ரோட்டிலிருந்து பிரிந்து ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அதில் மேக்கணக்கு என்னும் மேல் பிரிவின் லயத்தில்தான் நான் பிறந்தேன். என் அக்கா மகேஸ்வரி போன மழைவரை அங்கேயேதான் இருந்தாள். கொழுந்து பறித்து ஓய்வு வாங்கியவள். அத்தான் காலமாகிவிட்டார். ஒரே மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை, வருடப் பிறப்புக்கும் தீபாவளிக்கும் வந்துபோவான்.

அந்த மழையையும் மலை சரிந்ததையும் பற்றி அங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் இங்கே, வேலைத்தள வண்டிக்குள் உட்கார்ந்து, போன் எடுக்காத அக்காவின் எண்ணையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவன் சாண்ட்விச்சைப் பாதி தின்றுவிட்டு, “எல்லாம் சரிதானே, கேமல்?” என்றான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மண்சரிவுக்கு வார்த்தை இருந்தது. லயத்துக்கு இல்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள், அதில் ஒன்றில் என் அக்கா என்று சொல்லி முடிப்பதற்குள் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். லயத்தின் ஒரு கோடியை மண் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவளுடைய அறை, காம்பரா என்போம், நின்றது, ஆனால் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. இனி அங்கே குடியிருக்கக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். முதலில் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் ஆரம்பித்ததும், தோட்டத்துப் பழைய பிள்ளைக்காம்பராவுக்கு மாற்றினார்கள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அதற்குள் சேலைகளைக் கட்டித் தடுத்துக்கொண்டு எல்லாக் குடும்பங்களும் இருந்தன.

மாதங்கள் போன பிறகு மேட்டில் ஆளுக்குக் கொஞ்சம் நிலம் அளந்து கொடுத்தார்கள். இடுப்பளவுக்குக் கல் கட்டித் தருவோம், மேலே பலகையும் கூரையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஏற்பாடு. தோட்டத்தில் டர்பன்டைன் என்று சொல்லும் யூகலிப்டஸ் மரம் வெட்டி, வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தார்களாம். அக்கா வீடியோவில் அந்தப் பலகைகளைக் காட்டினாள்.

“பாரு தம்பி, இன்னும் தண்ணி சொட்டுது. ரவி மெசினு கொண்டாந்து வெட்டப் பாத்தான். பாதியில கவ்விப் புடிச்சிக்கிச்சு. பொகையா வந்து மெசினே போயிருச்சு.”

ரவி என்பது பக்கத்துக் காம்பரா பாக்கியத்தின் மகன். மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்கிறான்.

“காய விட்டு வெட்டச் சொல்லுக்கா.”

“காயிறதுக்குள்ள அடுத்த மழ வந்துரும்டா.” கொஞ்ச நேரம் பலகையையே காட்டிக்கொண்டிருந்தாள். “எல்லாரும் ஆம்பளைங்கள வச்சுக் கட்டிக்கிட்டு இருக்காங்க. நான் யார வச்சுக் கட்டுறது?”

அதை அவள் ஒரு குறையாகச் சொல்லவில்லை. யோசனை கேட்பது போலத்தான் கேட்டாள். ஆனால் ஊரெல்லாம் வீடு கட்டுகிற தச்சன் நான். என் மேற்பார்வையாளரிடம் மறுநாள் லீவு கேட்டேன்.

சுகந்தியிடம் சொன்னபோது, “நீங்களே கூரையில ஏறப் போறியளோ? ஆரையும் பிடிச்சுச் செய்விக்கலாம்தானே?” என்றாள்.

“செய்விக்கலாம்.”

“பிறகேன்?”

டிக்கெட் எடுத்துவிட்டேன் என்றேன். அவள் கோபப்படவில்லை. “குளிசையள் மறக்காம எடுத்துக்கொண்டு போங்கோ” என்று மாத்திரைகளை மட்டும் நினைவுபடுத்தினாள்.

அபிக்கும் ஒரு செய்தி அனுப்பினேன். மகேஸ் அத்தைக்கு வீடு கட்டப் போகிறேன், நல்ல வாளாகப் பார்க்க வேண்டும், இணையத்தில் கொஞ்சம் தேடிச் சொல் என்று. சாயந்தரம் ஆங்கிலத்தில் பதில் வந்தது. ஒரு கடையின் இணைப்பு, கட்டைவிரல் படம், கீழே ஒரு கேள்வி: ‘மகேஸ் யார்?’

3

கடையில் வாள்கள் இருந்த வரிசையில், ஏப்ரன் கட்டிய வயதான பெண்மணி ஒருவர் உதவிக்கு வந்தார். நான் வோர்ம் டிரைவ் வேண்டும் என்றேன். என் வாயில் அது ‘வார்ம்’ என்று வந்திருக்கிறது. வார்ம் என்றால் இளஞ்சூடு.

“எல்லாமே கொஞ்ச நேரத்தில் சூடாகத்தான் செய்யும், கண்ணு” என்றார் அவர், ஆறுதலாக.

நான் விரலை நெளித்துப் புழு மாதிரி காட்டினேன். சிரித்துவிட்டார். பிறகு எந்தக் கை என்று கேட்டார். இடது என்றதும் இலேசான வாள்களின் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு இதுதான் சரி. அதை ஏன் கேட்கிறீர்கள்?”

“மரம் ஈரம்” என்றேன். “பச்சை மரம், கடினமான மரம். இந்த வாள் பாதியில் நின்றுவிடும். அது நிற்காது.”

அவர் தலையாட்டினார். பெரிய வாளை எடுத்து மேசை மேல் வைத்தார். இடது கையில் தூக்கினேன். தகடு வெளிப்பக்கம் போய்விட்டது. கோட்டைப் பார்க்க வேண்டுமென்றால் வாளுக்கு மேலாகக் கழுத்தை நீட்ட வேண்டும். வலது கைக்கு மாற்றினேன். கோடு தெரிந்தது. ஆனால் கை என்னுடையது போல இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் கரண்ட். இங்கத்தி வாளுக்கு நம் ஊர்க் கரண்டில் பாதிதான் வேண்டும். அப்படியே செருகினால் அன்றைக்கே எரிந்துவிடும். பாட்டரியில் ஓடுவதாக வாங்கலாமா என்று பார்த்தேன். அதைப் பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். சார்ஜரும் இங்கத்திக் கரண்டுக்கானதுதான். அங்கேயே ஒரு வாள் வாங்கலாம் என்றால், ரவிக்குக் கிடைத்தது போல இலேசான வாள்தான் கடைகளில் இருக்கிறது என்று அவனே சொல்லியிருந்தான். இங்கே வயர் வாளை வாங்கி, அங்கே கரண்டைப் பாதியாக்கும் டிரான்ஸ்போமர் தேடிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

“எங்கே கட்டுகிறீர்கள்?” என்று கேட்டார் அந்தப் பெண்மணி, ரசீது போடும்போது.

“இலங்கையில். என் அக்காவுக்கு.”

“அக்கா கொடுத்து வைத்தவர்.”

கடையிலிருந்து வெளியே வந்தபோதுதான் உறைத்தது, அந்த வாரம் முழுவதும் இந்த ஊரில் என்னிடம் யாராவது வேலை சம்பந்தமில்லாமல் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

புறப்படும்வரை சாயந்தரங்களில் நான் குடியிருக்கும் நிலவறைக்கு வெளியே வீணான கட்டைகளைப் போட்டு வலது கையால் வெட்டிப் பழகினேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் சிலேட்டை வலது கைக்கு மாற்றச் சொல்லி அடி வாங்கியவன். இப்போது ஐம்பதைத் தாண்டி, அடிக்க யாரும் இல்லாமல், நானாக மாறிக்கொண்டிருந்தேன். மேல்வீட்டுக்காரர்கள் சன்னலைத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தத்துக்காக மூடிக்கொண்டார்கள்.

4

பல்சக்கரப் பெட்டியில் இருந்த எண்ணெயை வடித்து, துடைத்து, துணிகளுக்கு நடுவில் வைத்து வாளைக் கட்டினேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி இளைஞர். சட்டைகளை விலக்கி வாளைத் தூக்கிப் பார்த்தார்.

“மொகத மேக?”

இது என்ன என்று கேட்கிறார். எனக்குச் சிங்களம் வரும். நாட்டை விட்டுப் போனபோது தமிழுக்குச் சமமாக வந்தது. வாயைத் திறந்தால் ஆங்கிலம் வந்தது, அதுவும் அரைகுறையாக. அவரும் ஆங்கிலத்துக்கு மாறினார். வெளிநாட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினார். எனக்கு என்னவோ போலிருந்தது. முழுமூச்சாகத் தேடி அந்த வார்த்தையைப் பிடித்தேன்.

“கியதக், சேர். கியதக்.” வாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கடவுச்சீட்டில் பிறந்த ஊரைப் பார்த்தார். “நுவரெலிய?” என்றார். மண்சரிவில் போன வீட்டுக்காக என்று சிங்களத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் வைத்திருந்ததை விட ஒழுங்காகச் சட்டைகளை மடித்து வாளைச் சுற்றி வைத்து மூடினார்.

டிரான்ஸ்போமர் நுவரெலியாவில் கிடைத்தது. ஹாட்வெயார் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், வாளின் மேல் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, நான் கையில் எடுத்திருந்த பெட்டியை வாங்கித் திரும்ப ராக்கைத் தட்டில் வைத்தார்.

“இது மிக்சிக்கு வைக்கிறது, தம்பி. ஒங்க மெசினுக்கு இது பத்தாது. பின்னுக்கு ஒண்ணு கெடக்குது, தூக்கத்தான் ரெண்டு பேரு வேணும்.”

அதை ஆட்டோவில் ஏற்றி, மலை ஏறி, பிறகு தலைச்சுமையாகவும் தூக்கி, அக்காவின் நிலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அங்கே இன்னும் கரண்ட் வரவில்லை. கோயிலில் இருந்து வயர் இழுத்துக்கொள்ளக் கோயில் கமிட்டிக்காரர்கள் சம்மதித்தார்கள்.

அக்கா வாளைச் சுற்றிவந்து பார்த்தாள். “பேரு என்னா சொன்ன?”

“புழுன்னு அர்த்தம்க்கா.”

“புழுவா? ரத்தம் உறிஞ்சுற அட்டைன்னு வச்சிருக்கலாம். மரத்தப் புடிச்சா விடாதுன்னு சொன்னீல்ல” என்றாள். அதன் பிறகு அந்த மேட்டில் அதற்கு அட்டை மெசின் என்றே பெயர்.

முதல் வெட்டுக்கு எல்லோரும் வந்து நின்றார்கள். பலகையைக் கிடத்தி, கோடு போட்டு, வலது கையில் பிடித்து அழுத்தினேன். மரம் கவ்வப் பார்த்தது. வாளின் குரல் கொஞ்சம் இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. ஈரத்தூள் காலணி மேல் கூழ் மாதிரி விழுந்தது. துண்டு கீழே விழுந்ததும் ரவி கை தட்டினான். இத்தனை வருடத்தில் நான் வெட்டிய பலகைகளுக்குக் கணக்கில்லை. ஒன்றுக்கும் யாரும் கை தட்டியதில்லை.

5

வேலை செய்யும்போது நான் தச்சன். கையைக் கழுவியதும் விருந்தாளி. அதுதான் அங்கே எனக்குப் பழகாமலே இருந்தது.

பிள்ளைக்காம்பராவில் இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டார்கள். எனக்கு மட்டும் போத்தல் தண்ணீர். நான் குழாய்த் தண்ணீர் குடித்தால் அக்கா பதறினாள். என் தட்டில் மட்டும் முட்டை இருந்தது. சின்னப் பிள்ளைகள் ‘கனடா மாமா’ என்றார்கள், பெரியவர்களும் கொஞ்ச நாளில் ‘கனடாக்காரர்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கூடப் படித்த ஒருவன், “என்னாங்க, எப்ப வந்தீங்க?” என்று ‘ங்க’ போட்டுக் கேட்டான். “டேய், நாந்தாண்டா” என்றேன். “தெரியுதுங்க” என்று சிரித்தான். ஒரு ஊரில் ஒட்டகமாகவும் இன்னொரு ஊரில் கனடாவாகவும் இருக்கிறவனுக்கு, கமலு என்று கூப்பிட மிஞ்சியது அக்கா ஒருத்திதான்.

பேசுவதற்கும் விஷயம் குறைந்துபோயிருந்தது. யார் யாரைப் பேர்சொல்லி விசாரித்தாலும், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இல்லாவிட்டால் கொழும்புக்குப் போய்விட்டார். ஆகவே வேலையைப் பேசினேன். எந்தப் பலகை எங்கே, எந்தச் சாய்வில் கூரை என்று. அதைக் கேட்க எல்லோரும் தயாராக இருந்தார்கள்.

வீடு எழும்பியது. முன்னால் ஒரு அறை, உள்ளே ஒரு அறை, பின்னால் சமையல். ஈரப்பலகை காயும்போது சுருங்கும் என்பதால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி அடித்தேன். முன்பக்கம் ரோட்டைப் பார்த்து ஒரு சன்னல், சரிவின் மேல்பக்கம் வெளிச்சத்துக்கு ஒன்று. கீழ்ப்பக்கம் பாக்கியத்தின் நிலம். அவளுடைய வீடும் பக்கத்திலேயே எழும்பிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் நான் சன்னலே வைக்கவில்லை. கோடியில் இருந்து கோடிவரை பலகை அடித்து, இடுக்கெல்லாம் மெல்லிய மரப்பட்டி வைத்து அடைத்தேன்.

லயத்தை நினைத்து ஏங்குகிறவன் நான் இல்லை. அது இடிந்தது பற்றி எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது. என் அம்மா நோயோடு கிடந்தபோது, தன் முனகல் எத்தனை காம்பராவுக்குக் கேட்கிறது என்று வெட்கப்பட்டே வாயில் சேலையைத் திணித்துக்கொண்டாள். அக்காவுக்காவது அப்படி வேண்டாம் என்று நினைத்தேன்.

அக்கா வந்து அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

“இந்தப் பக்கம் முழுசா அடைச்சிட்டியா?”

“ஆமாக்கா. இனிமே ஒன் வீட்டுல நடக்குறது ஒருத்தருக்கும் கேக்காது.”

“ம்ம்” என்றாள். “நல்லாத்தான் அடிச்சிருக்க.”

பால் காய்ச்சி, சாமி படம் வைத்துக் குடி புகுந்தோம். எனக்கு முன்னறையில் பாய். அக்காவுக்கு உள்ளறை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கதவு போட்ட தனி அறையில் படுக்கிறாள் என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

6

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, விடிந்தும் விடியாத நேரத்தில் எழுந்து பின்பக்கம் போனேன். அக்கா சமையலறைப் படியில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள் என்று நினைத்தேன்.

“என்னாக்கா?”

“ஒண்ணுமில்ல. தூக்கம் வரல.”

“புது எடம். பழகிரும்.”

“குடி வந்ததுலருந்து வரல” என்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினாள். “நீ கஷ்டப்பட்டுக் கட்டியிருக்க. தப்பா எடுத்துக்காத.”

“சொல்லுக்கா.”

“லயத்துல செவுரு கூர வரைக்கும் போகாதுல்ல. பாக்கியம் இருமுனா கேக்கும். அவ தேத்தண்ணி கலக்குற சத்தம் கேட்டுத்தான் நான் எந்திரிப்பேன். பிள்ளக்காம்பராவுல சீலதான் நடுவுல. யாராவது ஒருத்தரு பொலம்பிக்கிட்டே இருப்பாங்க. திட்டிக்கிட்டேதான் தூங்குவேன், ஆனா தூங்கிருவேன். இங்க ஒண்ணுமே கேக்கலடா. காது ரெண்டையும் அடைச்ச மாதிரி இருக்கு. செத்துக் கித்துப் போயிட்டமான்னு எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்து பாக்குறேன். நீ முன்னுக்குப் படுத்திருக்கையிலேயே இப்பிடி. நீ போனப்புறம்?”

நான் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். கீழே பள்ளத்தில் பனி மூடியிருந்தது. அவள் சொன்னது எல்லாமே எனக்குத் தெரியும். அந்தக் காது அடைப்பு எனக்குத் தெரியும். அந்த எழுந்து உட்காருவது எனக்குத் தெரியும். நான் அக்காவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது, பலகைக்குப் பலகை, நான் அங்கே குடியிருக்கும் இடத்தைத்தான்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஆமா, அங்க நீ எப்பிடிடா தூங்குற?”

இத்தனை வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. சம்பளம் கேட்டிருக்கிறார்கள். பனி எத்தனை அடி விழும் என்று கேட்டிருக்கிறார்கள். பேப்பர் எல்லாம் சரியா, வீடு சொந்தமா, மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டிருக்கிறார்கள்.

“டிவியப் போட்டு வச்சிருப்பேன்க்கா” என்றேன்.

“படமா?”

“என்னமோ ஓடும். மனுசக் கொரல் கேட்டாப் போதும்.”

அவள் கம்பளியின் ஒரு பக்கத்தை எடுத்து என் மேல் போட்டாள். அப்படியே உட்கார்ந்திருந்தோம், கோயிலில் பாட்டு போடும்வரை.

7

தேத்தண்ணி குடித்துவிட்டு, டிரான்ஸ்போமரை உள்ளே இழுத்துவந்தேன். கீழ்ப்பக்கச் சுவரில், அக்கா அடுப்புக்கு முன்னால் நின்றால் முகம் தெரியும் உயரத்தில், மட்டம் வைத்துச் சதுரமாகக் கோடு போட்டேன். பட்டிகளைக் கழற்றினேன்.

சுவரின் நடுவில் வெட்டை ஆரம்பிப்பது சிரமமான வேலை. வாளின் முன்பக்கத்தைப் பலகையில் ஊன்றி, காப்பு மூடியைக் கையால் தூக்கிப் பிடித்து, சுழலும் தகட்டை மெதுவாக உள்ளே இறக்க வேண்டும். அவசரப்பட்டால் வாள் பின்னால் எகிறி ஆளை வெட்டும். இலேசான வாள் என்றால் துள்ளியிருக்கும். இது தன் கனத்தில் நின்றது. வலது கை வலித்தது. விடாமல் நான்கு பக்கமும் ஓட்டி, மூலைகளைக் கைவாளால் முடித்து, ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். சதுரம் வெளியே விழுந்தது. உள்ளே வெளிச்சம் வந்தது.

வெளிச்சத்துக்குப் பின்னாலேயே பாக்கியத்தின் குரலும் வந்தது. அந்த வாரமே குடிவந்திருந்த அவள் தன் வீட்டுக் கதவில் நின்றுகொண்டிருந்தாள்.

“என்னாடி மகேசு, செவுத்துல ஓட்ட போடுறான் ஒந் தம்பி?”

“ஓட்ட இல்லடி. ஜன்னலு.”

“நேத்துதான அடைச்சான்?”

“இன்னிக்குத் தொறக்குறான். ஒனக்கு என்னா அதுல?”

“எனக்கென்னா. ரவிகிட்டச் சொல்லி நானும் இந்தப் பக்கம் ஒண்ணு வச்சிக்கிறேன். ஒங் கொழம்பு கருகுனாச் சொல்லலாம்ல.”

“ஒங் கொழம்ப மொதல்ல பாரு.”

அவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். நான் வாளைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். அக்கா என்னை நகரச் சொன்னாள், பாக்கியத்தின் முகம் மறைக்கிறதாம்.

சன்னலுக்குச் சட்டமும் கதவும் செய்து மாட்டினேன். அடுத்த நாள் நான் எழுந்தபோது வெயில் ஏறியிருந்தது. அக்கா அதற்குப் பிறகும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

8

வாளையும் டிரான்ஸ்போமரையும் ரவியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மேட்டில் இன்னும் கூரை ஏறாத வீடுகள் இருக்கின்றன. எண்ணெய் மாற்றுவது எப்படி என்று காட்டிக் கொடுத்தேன். அவன் வலது கைக்காரன். என்னை விட அவன் கையில்தான் அது பொருத்தமாக இருந்தது.

இங்கே மறுபடியும் என் இலேசான வாள், மறுபடியும் கேமல். அக்கா வீட்டுப் படத்தைச் சுகந்திக்கும் அபிக்கும் அனுப்பினேன். சுகந்தி, ‘வடிவாயிருக்கு’ என்று எழுதினாள். அபி ஒரு இதயப் படம் போட்டாள். கிறிஸ்மஸுக்கு வருகிறேன் என்று இரண்டு பேருக்கும் சொல்லியிருக்கிறேன்.

நான் வேலை முடிந்து வரும் நேரம் அங்கே மறுநாள் விடியும். அந்த நேரத்தில் போன் அடிக்கும். முதல் தடவை பயந்துபோய் எடுத்தேன். அக்காதான்.

“என்னாக்கா? ஏதாவது?”

“ஒண்ணுமில்ல. வச்சிராத. போனை ஜன்னல் கட்டையில வைக்கிறேன். எனக்கு வேல கெடக்கு. நீ ஒன் வேலையப் பாரு.”

வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் காலணியைக் கழற்றாமல் நின்று கேட்டேன். விறகு முறியும் சத்தம். பாத்திரம். அக்காவுக்கே உரிய இருமல். இப்போது அநேகமாகத் தினமும் அடிக்கிறாள். எங்களுக்குப் பேச ஒன்றும் இருப்பதில்லை. நான் போனை மேசையில் நிறுத்தி வைத்துவிட்டு அரிசி கழுவுகிறேன், வேலைச் சட்டையைத் துவைக்கப் போடுகிறேன்.

நேற்று பாக்கியத்தின் குரல் கேட்டது, பக்கத்தில் இருந்து பேசுகிற மாதிரி.

“யாருடி போன்ல? பேச்சையே காணோம்?”

“தம்பி” என்றாள் அக்கா. “கேட்டுக்கிட்டு இருக்கான். நீ பேசு.”